நாற்பது வீடுகளின் சராசரி

இன்பசேகரன் சாரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தோராயம். வகுப்பில் யாராவது அந்தச் சொல்லை உச்சரித்துவிட்டால் போதும், சாருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "தோராயம்னு ஒரு எண்ணு எங்கடா இருக்கு? ஒண்ணு இருக்கு, ரெண்டு இருக்கு. தோராயத்தை வந்து போர்டுல எழுது பாப்போம்" என்று சாக்பீஸை நீட்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டதற்கு, அவருடைய அப்பா இருபத்தெட்டு இருக்கும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். சார் குறுக்கே புகுந்து, "இருபத்தேழு வருஷம் ஏழு மாசம், வர்ற வியாழனோட" என்று திருத்தினார். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த பாக்கியமேரி சிரித்த சிரிப்பில் பாதி காபி தரையில் போயிற்று. இந்த ஆளோடு இருந்தால் பொழுது போகும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாக அந்த அம்மாள் பின்னாளில் சொல்வதுண்டு.

முப்பத்து மூன்று வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, 1998 மே மாதம் சார் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் ஆலனும் ஜெனியும் வெளியூரில். மதுரை நரிமேட்டில் சொந்த வீடு. பாக்கியமேரிக்குப் பெண்கள் பள்ளி அலுவலகத்தில் இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் இருந்தது. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் வீட்டில் ஒரே ஒரு சண்டை நடந்தது, அதுவும் ஒரே ஒரு விஷயத்துக்காக.

"பேங்க்குல போடுங்க. பதினோரு பர்சன்ட் தாரான்" என்றார் பாக்கியமேரி.

"வீடு வாங்கி வாடகைக்கு விட்டா வீடு வீடாவே நிக்கும் மேரி. வாடகை அது பாட்டுக்கு வரும்."

"எம்புட்டு வரும்?"

அந்த எண்ணைச் சார் இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஆனாலும் ஆத்திகுளத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு ஒரு வீட்டை வாங்கிவிட்டார். பத்திரம் பதிந்து வந்த அன்று பாக்கியமேரி அடுப்படி காலண்டரில் பெரிதாக 2,200 என்று எழுதி வைத்தார். "பேங்க்குல போட்டிருந்தா மாசம் இம்புட்டு. பேங்க்காரன் வெள்ளையடிக்கச் சொல்ல மாட்டான், குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட மாட்டான். உங்க வீடு எம்புட்டுக் கொண்டு வருதுன்னு பாத்துருவோம்."

சார் கணக்கைச் சரி பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

புரோக்கர் அழகுமலை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றுவதற்கு அதிகம் இல்லை. ஒரு ஹால், இரண்டு ரூம், அடுப்படி, பின்னால் ஒரு போர் பைப், ஒரு முருங்கை மரம்.

"எம்புட்டு எதிர்பாக்குறீக சார்?"

"நான் எதிர்பாக்குறதுக்கு என்ன இருக்கு? இந்த வீட்டுக்கு என்ன வாடகை உண்டோ அது."

"அதான், எம்புட்டு?"

"அதைத்தான நான் உங்கள்ட்ட கேக்குறேன்."

"நீங்க சொன்னாத்தான சார் நான் ஆளுகள்ட்ட சொல்ல முடியும்?"

இப்படியே இருவரும் முருங்கை மரத்தடியில் கால் மணி நேரம் நின்றார்கள். கடைசியில் அழகுமலை களைத்துப்போய், "சரி, தோராயமா ஆயிரத்து இருநூறு வைங்க" என்றார். அவர் சொன்ன தொகையைவிட அதற்கு முன்னால் சொன்ன சொல்தான் சாரைச் சுட்டது. வீட்டை விற்றவரோ, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாயிரத்து ஐநூறு வாங்கலாம் என்று சத்தியம் செய்திருந்தார். தெருமுனை டீக்கடைக்காரர், "இப்ப இருக்குற நெலவரத்துக்கு மூவாயிரம் சார்" என்று பால் ஆற்றிக்கொண்டே அறிவித்தார். ஒரே வீடு, மூன்று எண். இதில் எது விடை?

சார் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் தீர்மானித்துவிட்டார். அதே மாதிரி வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று நேரில் போய்க் கேட்க வேண்டியது, சராசரி எடுக்க வேண்டியது, தன் வீட்டுக்கு உள்ள நிறையைக் கூட்டிக் குறையைக் கழிக்க வேண்டியது. பிள்ளைகளே போட்டுவிடுகிற கணக்கு. பாக்கியமேரி ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பியதும் சார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

முதல் வீடு பீபிகுளத்தில் வெள்ளைத்துரை என்பவருடையது. மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தார். சார் உண்மையையே சொன்னார். "வீடு எனக்கு வேண்டாம். மாடி வாடகை எம்புட்டுன்னு மட்டும் தெரியணும். சதுர அடியும் சொன்னா நல்லாருக்கும்."

வெள்ளைத்துரை வெளிறிப்போனார். வீடு வேண்டாம், வாடகை மட்டும் வேண்டும், சதுர அடி வேறு வேண்டும் என்று குடையோடு வந்து நிற்கிற ஆள் வரி போடுகிற ஆபீசைத் தவிர வேறு எங்கிருந்து வர முடியும்? "வாடகையா? மாடில வாடகைக்கு யாருமே இல்லீங்களே. என் மச்சினன்தான் சும்மா இருக்கான், பாவம்."

மாடி ஜன்னல் திறந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். "யாரு, நான் மச்சினனா? அப்ப மாசா மாசம் நான் குடுக்குற ஆயிரத்து ஐநூறு எங்கய்யா போகுது?"

அந்த வீட்டில் நடந்த சண்டையைச் சார் முழுதாகப் பார்க்கவில்லை. ஆனால் ஆயிரத்து ஐநூறு என்ற எண் கிடைத்துவிட்டது. வாசல் தாண்டியதும் நின்று, கையோடு கொண்டுவந்திருந்த தபால் கார்டில் குறித்துக்கொண்டார். உண்மை பேசினால் விடை கிடைக்காது என்பதும் அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

மறுநாள் முதல் சார் வீடு தேடுகிறவர் ஆனார். மகன் ஆலன் மாற்றலாகி மதுரைக்கு வருகிறான், அவனுக்காகப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். கதவுகள் தாமாகத் திறந்தன. காபி கொடுத்தார்கள். பையன் என்ன வேலை, கறி மீன் உண்டா, ஊரிலிருந்து விருந்தாளிகள் நிறைய வருவார்களா, மருமகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி துவைப்பாள் என்றெல்லாம் விசாரித்தார்கள். உப்புத் தண்ணீரை ஒரு செம்பில் கொடுத்து, "கல்கண்டு மாதிரி இருக்குல்ல?" என்று முகத்தையே பார்த்தார்கள். சார் விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு வீட்டில், "வாடகையா, ஒத்தியா?" என்று கேட்டார்கள். ஒத்தி என்றால் மொத்தமாக எண்பதாயிரம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்க வேண்டும். காலி செய்கிறபோது அந்த எண்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். "அப்ப எண்பதாயிரத்துக்கு வட்டி பதினோரு பர்சன்ட், மாசத்துக்கு எழுநூத்து முப்பத்து மூணு ரூவா முப்பத்து மூணு காசு" என்று சார் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு ஏலச்சீட்டு ஒன்று, நகைக்கடன் இரண்டு, மச்சானோடு ஒரு பழைய தகராறு எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் வட்டி போட்டுக் கொடுத்துவிட்டுச் சார் வெளியே வர மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதோடு ஒத்தி வீடுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

இரண்டாவது வாரம் ஒரு வீட்டில் குடையை மறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் எடுக்கப் போனார். காலையில் அவரிடம் ஆயிரத்து அறுநூறு என்று சொன்ன அதே வீட்டுக்கார அம்மாள், வேறொருவரிடம் ஆயிரத்து முந்நூறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் திகைத்துப்போனார். "ஏம்மா, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?"

"அவுக டீச்சருங்க. ஒண்ணாந்தேதி டாண்ணு குடுத்துருவாக. உங்க மகன் கம்பெனி இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்குமா?"

சார் பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டார். வாடகை வீட்டைப் பொறுத்தது என்று நினைத்து இரண்டு வாரம் அலைந்திருக்கிறார். அது வருகிற ஆளையும் பொறுத்தது! இது தெரியாமல் முப்பத்து மூன்று வருடம் கணக்கில் சார்புகள் பாடத்தை நடத்தியிருக்கிறோமே என்று வெட்கப்பட்டார். இனி ஒரே ஆளாகப் போனால் ஆகாது. வெவ்வேறு ஆளாகப் போக வேண்டும்.

சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு போனால் பேங்க் ஆபீசர். தெருவுக்கே மரியாதை, அட்வான்ஸில் சலுகை. ஃபைலும் கறுப்புக் குடையுமாகப் போனால் வக்கீல். வக்கீல் என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் வீடு ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் வேறு யாருக்கோ போயிருந்தது. ஒரு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தல்லாகுளத்தில் ஒரு வீட்டுக்கு எக்ஸ் மிலிட்டரியாகப் போனார். கெட்ட நேரம், வீட்டுக்காரர் நல்லகாமன் நிஜமாகவே மிலிட்டரியில் இருந்து வந்தவர்.

"சார் எந்த யூனிட்?" என்று ஆசையாகக் கேட்டார் நல்லகாமன்.

"மாசம் தொண்ணூறு யூனிட் ஓடும். ஃபிரிட்ஜ் இருக்குறதால" என்றார் சார்.

நல்லகாமன் அவரைக் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். மரியாதைக்காக வரவில்லை, போய்விட்டாரா என்று பார்க்க வந்தார்.

சார் மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, "பொய் சொன்னேன் சாமி. பதினேழு. அதுல ரெண்டு, பொய்னு எடுக்கலாமா வேணாமான்னு எனக்கே சந்தேகம்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. "தோராயமாச் சொன்னாப் போதுங்க. ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் சாமியார்.

சாருக்கு அன்றைய மன்னிப்பில் பாதிதான் கிடைத்த மாதிரி இருந்தது.

ஐந்தாவது வாரம் சிம்மக்கல்லுக்குப் போனார். ஆத்திகுளத்து வீட்டுக்கு வாடகை கண்டுபிடிக்கச் சிம்மக்கல்லில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். காரணம் இருந்தது. அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

கீழே பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. கடை ஹரிநாராயணனுடையது. மாடி வீட்டையும் பக்கத்துச் சந்தில் இன்னும் இரண்டு வீடுகளையும் வாடகைக்கு விட்டு மேய்ப்பது அவருடைய மனைவி நாகமணி. சௌராஷ்டிரக் குடும்பம். நாகமணி அம்மாளுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல், சாவிக்கொத்து இடுப்பில், கண்ணில் எந்நேரமும் தண்ணீர் தயாராக நிற்கும். மாடி வீட்டைக் காட்டி, "ஆயிரத்து எண்ணூறு. தண்ணி உண்டு, வெயில் கிடையாது" என்றார். பிறகு, "வீட்ல அம்மா பாக்க வரலையா?" என்று கேட்டார்.

சாருக்கு ஒரு நொடி குழம்பிவிட்டது. இன்றைக்கு நாம் பேங்க் ஆபீசரா, ஆலனுடைய அப்பாவா? பேனா ஒன்றா இரண்டா? யோசிக்கிறபோது விட்டத்தைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். மெல்ல முகத்தைத் தூக்கி மேலே பார்த்தார்.

நாகமணி அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஐயோ பெருமாளே. எப்ப சார்?"

எது எப்போது என்று சாருக்குப் புரிய இன்னும் இரண்டு நொடி ஆயிற்று. மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள், "வேணாம், சொல்லாதீங்க. சொன்னா மனசு தாங்காது. தனியாளு சமைச்சுத் துவைச்சு எப்படி இருப்பீங்க? உங்களுக்கு முந்நூறு குறைச்சுக்குறேன் சார்" என்றார்.

முந்நூறா? இதுவரைக்கும் எந்த ஆளுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை. சார் வாயை மூடிக்கொண்டார். கார்டில் குறிக்கக் கை பரபரத்தது. கிளம்புகிற சமயம் நாகமணி அம்மாள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சாருக்குப் பெயரில் பொய் வந்தது, தொழிலில் பொய் வந்தது, மனைவியையே மேலே அனுப்பியாயிற்று. ஆனால் கதவு எண் ஒரு எண் அல்லவா? எண்ணில் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. நரிமேடு, தெரு, கதவு எண் எல்லாம் பிசகாமல் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. பாக்கியமேரிக்கு லீவு. சார் குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் கேட்டது. சோப்பு நுரையோடு சார் சிலையாக நின்றார். குளியலறை ஜன்னல் வாசல் பக்கம்தான் இருந்தது.

"சார் இருக்காருங்களா? சிம்மக்கல்லு நாகமணி வந்திருக்கேன்னு சொல்லுங்க. பாவம், என்ன சாப்பிடுறாரோன்னு கொஞ்சம் புளியோதரை கொண்டாந்தேன்."

"குளிச்சுக்கிட்டிருக்காரு. உக்காருங்க" என்றது பாக்கியமேரியின் குரல்.

"நீங்க சாருக்கு என்ன வேணும்மா?"

"நான் அவரு வீட்டுக்காரி."

வாசலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "ரெண்டாந்தாரமா? அதுக்குள்ளயா? போன செவ்வாக்கிழமைகூட அம்புட்டு வருத்தமா மேல பாத்தாரேம்மா!"

"இல்லீங்க, முதல் தாரந்தான்."

"அவுங்க செத்துட்டாங்கள்ல?"

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் பாக்கியமேரி.

சார் தண்ணீர் ஊற்றினால் சத்தம் கேட்கும் என்று ஊற்றாமல் நின்றார். நுரை காய்ந்து உடம்பெல்லாம் இழுத்தது. பிறகு நாகமணி அம்மாளின் குரல் தாழ்ந்து ஒலித்தது, பாக்கியமேரி ஒவ்வொன்றாகக் கேட்டார், வந்தவர் சொன்னார், திடீரென்று இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பெண் பார்க்கப் போன அன்று கேட்ட அதே சிரிப்புதான், இப்போது இரண்டு தொண்டையில். டிபன் கேரியர் திறக்கும் ஓசை கேட்டது. புளியோதரை வாசம் ஜன்னல் வழியாக வந்தது.

"ஏங்க, வெளிய வாங்க. செத்தவ கூப்பிடுறேன்" என்றார் பாக்கியமேரி.

சார் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையைத் தலைகீழாக மாட்டி, மறுபடி கழற்றி, நேராக மாட்டிக்கொண்டு வந்தார். உள்ளதை ஒன்று விடாமல் சொன்னார். குடையை, பேனாவை, தொண்ணூறு யூனிட்டை எல்லாம் சொன்னார். நாகமணி அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

"மொத்தம் எத்தனை வீடு?" என்று கேட்டார் பாக்கியமேரி.

"நாப்பது."

"கணக்கு என்ன வந்துச்சு?"

சார் துண்டைப் பார்த்தார். "ஆயிரத்து நானூத்து முப்பத்தேழு ரூவா ஐம்பது காசு."

யாரும் காலண்டர் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இல்லை.

"இது எப்ப தெரிஞ்சுச்சு?"

"முத வாரமே கிட்டத்தட்ட இதுதான் மேரி. ஒம்பது வீட்டுக்கு ஆயிரத்து நானூத்தி ஐம்பது இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் பெரிய வீடாப் பாத்தா ஏறும்னு பாத்தேன். தல்லாகுளம் பக்கம் போனேன். ஏறலை. அதான் சிம்மக்கல்லுக்குப் போனேன்."

கிட்டத்தட்ட என்று தன் வாயாலேயே சொன்னதைச் சார் கவனிக்கவில்லை. பாக்கியமேரி கவனித்தார். ஐந்து வாரம் வெயிலில் அலைந்து அவருடைய கழுத்து கறுத்திருப்பதையும் அப்போதுதான் பார்த்தார். காலண்டரைக் காட்டிச் சண்டை போட நல்ல சமயம். ஏனோ அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை. "சாப்பிடுங்க, புளியோதரை நல்லாருக்கு" என்றார். தன்னுடைய சாவுக்காகக் கொண்டுவந்த புளியோதரையில் அதற்குள் பாதியை அவரே தீர்த்திருந்தார்.

"முதல்ல வீட்டைக் காட்டுங்க சார். வீட்டைப் பாக்காம என்ன கணக்கு?" என்று எழுந்தார் நாகமணி அம்மாள். வந்த ஆட்டோ இன்னும் வாசலில்தான் நின்றது. மூன்று பேரும் ஏறி ஆத்திகுளம் போனார்கள்.

நாகமணி அம்மாள் வீட்டைப் பார்த்த விதம் வேறு. உள்ளே போகவே இல்லை, முதலில் தெருவில் நின்றார். அப்புறம் போர்த் தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினார். அடுப்படிச் சுவரைத் தட்டினார், சாக்கடையை முகர்ந்தார். பின்வாசலில் நின்றபோது பக்கத்திலிருந்து டொம்மென்று மேளம் கிளம்பியது. மதில் சுவரை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். அதன் புகைபோக்கி முருங்கை மரத்துக்கு மேலே தெரிந்தது.

"இதுக்குத்தான் நூறு ரூவா கழிச்சிருக்கேன். சத்தம் ஐம்பது, புகை ஐம்பது" என்று சார் மேளத்துக்கு மேலே கத்தினார்.

"எதுக்குக் கழிக்கிறீங்க? கூட்டுங்க! மண்டபத்துல பொழைக்கிறவனுக்கு இந்த வீடு அரண்மனை சார்!"

அந்த அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். சாரும் பாக்கியமேரியும் பின்னாலேயே போனார்கள். நூறு பேருக்குச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. தலையில் துண்டோடு ஒரு ஆள் கரண்டியைத் துடுப்பு மாதிரி வலித்துக்கொண்டிருந்தார். சமையல் மாஸ்டர் முத்திருளன். குடியிருப்பது சோழவந்தானில். முகூர்த்த நாளுக்கு முந்தின நாளே வந்து, மண்டபத்தில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, வேலை முடிந்து மறுநாள் பஸ் பிடிக்கிற பிழைப்பு.

"மாஸ்டர், மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. குதிச்சா அடுப்பு. வாடகைக்கு வேணுமா?" என்றார் நாகமணி அம்மாள்.

முத்திருளன் கரண்டியை நிறுத்தினார். "எம்புட்டுங்கம்மா?"

சார் வாயைத் திறந்தார். நாற்பது வீட்டின் சராசரி நாக்கு நுனியில் நின்றது. பாக்கியமேரி அவர் காலை மிதித்தார்.

"ரெண்டாயிரம்" என்றார் நாகமணி அம்மாள்.

"ஆயிரத்து ஐநூறுங்க."

"போன முகூர்த்தத்துக்கு எங்க படுத்தீங்க மாஸ்டர்?"

"...பூசணிக்கா மேல."

"ஆயிரத்து எழுநூறு. பத்து மாச அட்வான்ஸ். முருங்கைக்கா பாதி உங்களுக்கு."

முத்திருளன் சாம்பாரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினார். ஆத்திகுளத்து வீட்டின் வாடகை நிர்ணயமாகி முடிய மொத்தம் நாலு நிமிடம். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முத்திருளனும் மனைவி தங்கப்பொண்ணும் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். பேங்க் வட்டிக்கு இன்னும் ஐந்நூறு ரூபாய் குறைச்சல்தான். ஆனால் முகூர்த்தம் தவறாமல் ஒரு தூக்குவாளி பாயசம் நரிமேட்டுக்கு வந்து சேர்ந்தது. சார் விடவில்லை. ஓட்டலில் ஒரு கப் ஆறு ரூபாய், வாளிக்குப் பன்னிரண்டு கப், மாதம் ஏழு முகூர்த்தம். ஐந்நூற்று நாலு. வாடகையோடு சேர்த்தால் இரண்டாயிரத்து இருநூற்று நாலு! பேங்க்கை நாலு ரூபாயில் தோற்கடித்துவிட்டதாக அடுப்படிக்குள் ஓடிவந்து அறிவித்தார்.

"அப்ப இந்த மாசக் கரண்டு பில்லுக்கு நாலு கப் கொண்டு போயி ஊத்திட்டு வாங்க" என்றார் பாக்கியமேரி.

அடுத்து ஆடி வந்தது. கல்யாணமில்லை, பாயசமுமில்லை. வருமானம் பழையபடி இறங்கிவிட்டதே என்று சார் நொந்துகொண்டிருந்த சமயத்தில், தலை கிறுகிறுக்கிறதென்று டாக்டரிடம் போக நேர்ந்தது. ரத்தத்தில் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் எண்ணைத் துல்லியமாகச் சொன்னது சாருக்குப் பிடித்திருந்தது, விஷயம்தான் பிடிக்கவில்லை. அதன் பிறகு வாளி வந்த நாட்களில் பாக்கியமேரி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மீதியைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார். நாகமணி அம்மாள் மாதம் ஒருமுறை வந்து போவார். அவருக்குக் கமிஷன் கொடுக்கப் பார்த்தார்கள், வாங்க மறுத்துவிட்டார். வேண்டுமானால் சந்து வீடுகளில் ஒன்று காலியாகும்போது சார் ஒரு வக்கீலாக வந்து பக்கத்து வீட்டு வாடகையை விசாரித்துத் தர வேண்டும் என்று கேட்டார். சார் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

ஐந்து வருடம் போயிற்று. பேங்க் வட்டி இறங்கி இறங்கி ஆறு பர்சன்டுக்கு வந்து நின்றது. பாக்கியமேரியும் ஓய்வு பெற்று, தன் பணத்தைப் பேங்க்கில் போட்டுவிட்டு, பேப்பரில் வட்டிச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்பிவிடப் பழகியிருந்தார்.

2004 தை மாதம் முத்திருளன் வாடகையோடு நேரில் வந்தார். கையில் புதுக் கடிகாரம். சொந்தமாக மூன்று கான்ட்ராக்ட், கீழே எட்டு ஆட்கள்.

"சார், வந்ததுலேருந்து நீங்க வாடகையே ஏத்தலை. எனக்கே கூச்சமா இருக்கு. ஏதாச்சும் பாத்து ஏத்திக்கங்க."

குடியிருப்பவரே வந்து ஏற்றச் சொல்கிற வீடு நாற்பதில் ஒன்றுகூட இல்லை. சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி எடுத்தோம் கவுத்தோம்னு சொல்லக் கூடாது மாஸ்டர். இப்ப சுத்துவட்டாரத்துல என்ன போகுதுன்னு பாக்கணும். ஒரு பத்துப் பதினஞ்சு வீடு போதும். குடை எங்க மேரி?"

அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தார்.

"ரெண்டாயிரம்!" என்று அடுப்படிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"சரிங்கம்மா" என்றார் முத்திருளன்.